அத்தாவின் காலடிகள்



பள்ளிவாசலை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று மதரசாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். பனூ ஸலமா குலத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடியேற விரும்பியதையும், தொலைவிலிருந்து நடந்து வரும் காலடிகள் பதிவாகின்றன என்று கூறி நபிகளார் (ஸல்) அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னதையும் பிள்ளைகளுக்கு விளக்குவேன். அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டே என் அத்தாவின் காலடிகளை நான் குறைத்துவிட்டேன்.

அத்தாவுக்கு வயது எழுபத்து நான்கு. திருமங்கலத்தில் அரிசிக் கடை வைத்திருந்தவர். மூட்டை தூக்கியும் மிதிவண்டி மிதித்தும் உரம் ஏறிய உடம்பு. கடையை விட்ட பிறகும் ஐவேளைத் தொழுகைக்கு நடந்தே சென்று வந்தார். கப்பலூரில் நான்குவழிச் சாலை, சுங்கச்சாவடி, சிட்கோ தொழிற்பேட்டைக்கு வந்து போகும் லாரிகள் ஆகியவற்றைக் கண்டு எனக்கு அச்சம். “இனி நீங்கள் நடக்க வேண்டாம் அத்தா” என்று ஸ்கூட்டரில் அழைத்துச் செல்லத் தொடங்கினேன். முழங்கால் வலிக்கிறது என்றதும் நாற்காலியும் வந்தது. கடைக்குப் போகவும் தண்ணீர்க் குடம் தூக்கவும் விடவில்லை. கித்மத் செய்கிறேன் என்று மனம் நிறைந்திருந்தேன்.

ஒருநாள் அஸர் முடிந்ததும் அத்தா மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, நாலு ரக்அத்தும் ஆயிருச்சா?” மறுவாரமும் கேட்டார். பின்னர் பேரனின் பெயரை மாற்றிச் சொன்னார்.

மருத்துவர் சர்க்கரை, இரத்த அழுத்தம், செவித்திறன் யாவற்றையும் பார்த்தார். நினைவாற்றல் குறையத் தொடங்கியிருக்கிறது என்றார். பிறகு, “இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறார்?” என்று கேட்டார். கட்டிலிலிருந்து ஸ்கூட்டர், ஸ்கூட்டரிலிருந்து ஸஃப். எனக்கு நா எழவில்லை.

இந்நோய்க்கு அதுவே காரணம் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் அன்று முதல் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது மிகுதி. மறதி நோயின் தவிர்க்கத்தக்க காரணங்களாக லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட பதினான்கில் உடல் உழைப்பின்மை, சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், செவித்திறன் குறைவு, தனிமை ஆகியனவும் அடங்கும்.

எல்லாப் பயிற்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதே நான் அறிந்துகொண்ட முக்கியமான செய்தி. நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி முதுமையில் சுருங்கும். அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரிடம் நடந்து, 2011இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் விரைந்து நடந்தவர்களுக்கு ஓராண்டில் அப்பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சற்றே சுருங்கியது. கனடாவில் 65 முதல் 75 வயது வரையிலான 155 பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஓராண்டு எடை தூக்கிப் பயின்றவர்களுக்குக் கவனம் சிதறாமல் முடிவெடுக்கும் திறன் கூடியது. சமநிலைப் பயிற்சி கீழே விழாமல் காக்கிறது. விழுந்து தலையில் அடிபடுவதும் மூளைக்குக் கேடுதானே! வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப்பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு வகுத்திருப்பது இதனால்தான்.

எல்லா ஆய்வும் ஒரே முடிவைத் தரவில்லை. 70 வயதைக் கடந்த 1,600க்கும் மேற்பட்டோரை இரண்டாண்டு பயிற்றுவித்த ஓர் ஆய்வில், நினைவுத் தேர்வுகளில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே உடற்பயிற்சியை மருந்தாகவோ உத்தரவாதமாகவோ எண்ணலாகாது. நம்மால் செய்யக்கூடிய முயற்சி அது, பலன் அல்லாஹ்விடம்.

இங்கே என் தவறொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். “ஐவேளைத் தொழுபவனுக்குத் தனி உடற்பயிற்சி எதற்கு?” என்று பயானில் பேசியிருக்கிறேன். தொழுகை இபாதத். அதன் ருகூவும் ஸுஜூதும் உடலுக்கு நலம் தரலாம். ஆனால் விரைநடையின் வேலையையோ எடை தூக்குவதன் வேலையையோ அதன்மீது சுமத்துவது சரியன்று. உடல் ஓர் அமானிதம். அதற்குரிய ஹக்கைத் தனியே கொடுக்க வேண்டும்.

இப்போது ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது. சுபுஹுக்கு அத்தாவும் நானும் நெடுஞ்சாலையைத் தவிர்த்து உள்தெரு வழியாக நடக்கிறோம். திரும்பும்போது பேரனும் சேர்ந்துகொள்வான். பேசுவதற்குச் சற்று மூச்சு வாங்கும் அளவு வேகம். வாரம் இருமுறை, தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில்களை இரு கைகளிலும் தூக்கி இறக்குகிறார். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்கிறார். மற்ற நாட்களில் சுவரருகே ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் பக்கத்தில் நிற்பேன். மருத்துவரிடம் கேட்ட பின்பே இவற்றைத் தொடங்கினோம். இதய நோயும் மூட்டுவலியும் உள்ளவர்கள் அவ்வாறே செய்க.

நம் வீட்டுப் பெண்களை மறந்துவிடாதீர்கள். “அம்மாவுக்கு அடுப்படி வேலையே போதும்” என்கிறோம். மருமகள் வந்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. ஆண்களுக்கு இருக்கும் பள்ளிவாசல் நடையும் அவர்களுக்கு இல்லை. என் அம்மா இப்போது பக்கத்து வீட்டுப் பெண்களுடன் அஸருக்குப் பின் மொட்டைமாடியில் நடக்கிறார். நடை பாதி, பேச்சு பாதி. தனிமைக்கும் அது மருந்து.

அறிந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்குத் தள்ளப்படும் முதுமையைக் குர்ஆன் நினைவூட்டுகிறது. அந்த அர்தலுல் உமுரிலிருந்து நபிகளார் (ஸல்) பாதுகாப்புத் தேடினார்கள். அந்த துஆவை நானும் நாள்தோறும் கேட்கிறேன். கேட்டுவிட்டு அத்தாவின் செருப்பை எடுத்து வைக்கிறேன்.

அத்தா இன்றும் சில நாள் ரக்அத்தைக் கேட்கிறார். நேற்று வழியில், “என்னைய உக்கார வச்சுட்டியேன்னு இருந்துச்சுப்பா” என்றார். பெற்றோரைச் சிரமப்படுத்தாமல் இருப்பதே பணிவிடை என்று எண்ணியிருந்தேன். அவர்கள் எழுந்து நடக்க நம் தோளைக் கொடுப்பதும் பணிவிடையே.

நம் பெற்றோரின் அறிவையும் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் இறுதிவரை காத்தருள்வானாக. ஆமீன்.