முகத்தில் அடிக்கும் வெளிச்சம்

ஏழைகளைப் பற்றிய செய்திகளோடு வரும் படங்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பல படங்களில் முகம் வெளிறியிருக்கும், நெற்றி பளபளக்கும், கண்கள் திடுக்கிட்டுப் பார்க்கும். பின்னால் ஒரே இருட்டு. காவல் நிலையப் பதிவேட்டுக்காக எடுத்தது போல இருக்கும். வசதியானவர்களின் பேட்டியோடு வரும் படங்கள் இப்படி இருப்பதில்லை. அவர்கள் வீட்டு ஜன்னல்கள் பெரியவை என்பது ஒரு காரணம். காமிராவின் உச்சியிலிருந்து எழும்பும் கட்டைவிரல் அளவு விளக்கு இன்னொரு காரணம்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. தமிழில் முதுகலை படித்துவிட்டு தில்லிக்கு வந்தவன். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதும், அவ்வப்போது சொந்தமாக எழுதுவதும் பிழைப்பு. பத்திரிகை அலுவலகங்களில் புகைப்படக்காரர்கள் குறைந்துபோனபோது, எழுதுகிறவரே படமும் எடுத்து வரவேண்டும் என்ற நிலை வந்தது. அப்படித்தான் ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா என் தோளில் ஏறியது. நான் போகும் வீடுகள் பெரும்பாலும் ஒற்றை அறை, ஒற்றை பல்பு. அங்கே ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் தலைக்கு மேல் தொங்கும் பல்பு கண்களைக் குழிகளாக்கிவிடும். ஆகவே எந்த ஃபிளாஷ் என்பதுதான் கேள்வி.

காமிராவோடு கூடப் பிறந்த ஃபிளாஷின் முதல் குறை அது இருக்கும் இடம். லென்ஸுக்கு நாலு விரல்கடை மேலே உட்கார்ந்துகொண்டு, லென்ஸ் பார்க்கும் திசையிலேயே நேராக அடிக்கிறது. வெளிச்சம் நேருக்கு நேர் விழுந்தால் முகத்தில் மேடும் பள்ளமும் தெரியாது. மூக்கும் கன்னமும் ஒரே சமதளமாகிவிடும். மே மாதத்து வியர்வை இருந்தால் நெற்றி கண்ணாடி போல மின்னும். இருட்டில் விரிந்திருக்கும் கண்மணி வழியாக உள்ளே போகும் வெளிச்சம் விழித்திரையில் பட்டு லென்ஸுக்கே திரும்பிவரும். கண் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். அந்தத் திரையின் ரத்த நிறம் அது.

இரண்டாவது குறை அதன் எட்டும் தூரம். ஃபிளாஷின் பலத்தை ‘கைடு நம்பர்’ என்ற எண்ணால் சொல்வார்கள். அதை லென்ஸ் துவார எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரியும். ஆரம்பநிலை எஸ்.எல்.ஆர்.கள் பலவற்றில் இந்த எண், ஐ.எஸ்.ஓ. 100ல், 12 அல்லது 13. துவாரம் 5.6 என்றால் இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் தூரம் இரு மடங்காகும். ஆனால் ஒளிக்கென்று ஒரு விதி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு மீட்டரில் இருக்கும் முகத்துக்கு அளவாக அடித்தால், மூன்று மீட்டரில் இருக்கும் சுவர் ஏறக்குறைய கறுத்துவிடும். ஆள் கிடைப்பார், வீடு காணாமல் போகும்.

இதற்கு மாற்று, காமிராவின் தலையில் இருக்கும் தண்டவாளம் போன்ற பள்ளத்தில் செருகும் சின்ன வெளி ஃபிளாஷ். 2006ல் வந்த நிக்கான் எஸ்.பி.-400, 2009ல் வந்த கேனன் 270 ஈ.எக்ஸ். இரண்டும் இந்த வகை. உள்ளங்கையில் அடங்கும். இரண்டு பென்சில் செல் போதும், காமிராவின் பேட்டரியைக் குடிக்காது. எஸ்.பி.-400ன் கைடு நம்பர் 21, கேனனுக்கு அதிகபட்சம் 27. ஆனால் எனக்கு உதவியது இந்த எண்கள் அல்ல. இவற்றுக்குக் கழுத்து உண்டு. தலையை 90 டிகிரி நிமிர்த்திக் கூரையைப் பார்க்க வைக்கலாம். வெளிச்சம் கூரையில் பட்டு, அகன்று, மேலிருந்து மெதுவாக இறங்கும். அப்போது விளக்கு அந்தக் கட்டைவிரல் அளவுத் துண்டு அல்ல. கூரையில் ஒரு பாய் அளவுக்கு விரியும் வெள்ளைப் பரப்புதான் விளக்கு. முகத்துக்கும் சுவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கிறது.

வழியில் வெளிச்சம் நிறைய வீணாகும். எனவே ஐ.எஸ்.ஓ. 400 அல்லது 800, துவாரம் 4, ஷட்டர் 1/60 என்று வைத்துக்கொள்வேன். பத்தடி உயர வெள்ளைக் கூரைக்கு அது தாராளம். காமிராவை நெட்டையாகத் திருப்பினால் இந்தச் சின்ன ஃபிளாஷ் பக்கவாட்டுச் சுவரைப் பார்க்கும். சிறிய வீடுகளில் சுவரும் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் ஜன்னல் வெளிச்சம் போல அழகாக விழும்.

ஏழைகளின் வீட்டுக்குள் ஃபிளாஷ் நுழைந்த கதை பழையது. டென்மார்க்கில் பிறந்து நியூயார்க்கில் போலீஸ் செய்தியாளராக இருந்த ஜேக்கப் ரீஸ், 1880களின் கடைசியில் மக்னீசியப் பொடியைக் கொளுத்திக் குடிசைப் பகுதிகளை இரவில் படமெடுத்தார். ஒருமுறை வீட்டிலேயே தீப்பற்றியதை அவரே எழுதியிருக்கிறார். 1890ல் அவருடைய புத்தகம் வந்தது. அந்தப் படங்கள் ஊரை உலுக்கின, வீட்டுச் சட்டங்கள் மாறத் துணை நின்றன. நன்மைதான். ஆனால் அந்தப் படங்களில் பல முகங்கள் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட முகங்கள். தங்கள் அறைக்குள் யார் வந்தார்கள் என்று தெரியாமல் விழிப்பவர்கள். சுமார் 140 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வெளிச்சத்தை, அதே திசையிலிருந்து அடித்துக்கொண்டிருக்க நமக்குக் காரணம் இல்லை.

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்காலை ஒட்டி இருந்த மதராஸி கேம்ப்பை நம்மவர்கள் பலர் அறிவார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. இடிப்பதற்கு முந்தைய மாதம் நான் அங்கே போனபோது காமிராக்கள் நிறைய வந்து போயிருந்தன. வீட்டு வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மா வாசலில் நின்றபடி சொன்னார்: “எல்லாரும் எங்க மூஞ்சிய மட்டும் எடுத்துட்டுப் போறாங்க தம்பி. நீயாவது வீட்டையும் சேத்து எடு.”

உள்ளே போனேன். கை தொடும் உயரத்தில் சுண்ணாம்பு அடித்த தளம். எவர்சில்வர் அடுக்கு, முருகன் காலண்டர், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. காமிராவின் சொந்த ஃபிளாஷில் ஒரு படம், கூரையில் அடித்து ஒரு படம் எடுத்து இரண்டையும் காட்டினேன். முதல் படத்தில் மூக்குத்தியும் நெற்றியும் மட்டும் மின்னின. அவருடைய கறுப்பு நிறம் சாம்பல் பூசியது போல இருந்தது. பின்னால் வீடு இல்லை. இரண்டாவது படத்தில் காலண்டரின் தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. சான்றிதழ்களின் கண்ணாடி கூசவில்லை. அவர் முகத்தில் கன்னத்து எலும்பும் கண்ணோரச் சுருக்கமும் அதனதன் இடத்தில் இருந்தன. சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுலதான் நான் நானாட்டம் இருக்கேன்.”

கறுத்த தோலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நேர் வெளிச்சம் அதில் பளபளப்பைத்தான் காட்டும், நிறத்தைக் காட்டாது. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ‘சரிசெய்கிறேன்’ என்று ஆளை இரண்டு நிறம் வெளுத்துவிடுவார்கள். அகன்ற வெளிச்சம் விழுந்தால் கறுப்பிலேயே எத்தனை வகை உண்டோ அத்தனையும் தெரியும். வெளுப்பதற்கு வேலையே இருக்காது.

கூடப் பிறந்த ஃபிளாஷை முழுக்கத் தள்ளிவிட முடியாது. உச்சி வெயிலில் முண்டாசுக்குக் கீழே கறுத்துப்போகும் விவசாயியின் முகத்துக்கு அதைவிட எளிய மருந்து கிடையாது. மறந்துவிட்டு வரவும் முடியாது. கூரையில் அடிக்கும் வித்தையும் எல்லா இடத்திலும் பலிக்காது. கல்நார்க் கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும். பச்சைச் சுவரில் அடித்தால் முகமும் பச்சையாகும். கல்யாண மண்டபத்துக் கூரை எட்டாத உயரம். அப்போது தலையைப் பாதி சாய்த்து, ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் வளையத்தால் கட்டிச் சமாளிக்க வேண்டும்.

இப்போது எஸ்.எல்.ஆர். காமிராக்களே பின்வாங்கி வருகின்றன. அவற்றின் இடத்துக்கு வந்த கண்ணாடியில்லாத காமிராக்கள் பலவற்றில் கூடப் பிறந்த ஃபிளாஷ் கிடையாது. செல்போன் விளக்கோ லென்ஸை இன்னும் நெருங்கிவிட்டது. அதனால் பழைய எஸ்.எல்.ஆர். சல்லிசாகக் கிடைக்கும் காலம் இது. சாந்தினி சௌக்கின் காமிரா கடைகளிலும் உங்கள் ஊர்ப் பழைய கடைகளிலும் இந்தச் சின்ன ஃபிளாஷ் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கலாம். கேனன் 1500டி, 3000டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவற்றின் பள்ளத்தில் நடு முனை கிடையாது. அதை நம்பி இயங்கும் மற்ற கம்பெனி ஃபிளாஷ்கள் எரியாது. காமிராவைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

கடைக்காரர்கள் சக்தியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் தலை நிமிருமா?