தாமலிலிருந்து டோக்கியோவுக்கு

காஞ்சீபுரத்திலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் தாமல் வரும். காரில் பறக்கிறவர்களுக்கு அது ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவுதான். இறங்கி நடந்தால் அல்லவா ஊர் தெரியும்! மழை பெய்த வருஷத்தில் அந்த ஏரியைப் பார்க்க வேண்டும். அக்கரை கண்ணுக்கு எட்டாது. வராகீசுவரர் கோயில் இருக்கிறது. வராக அவதாரம் எடுத்த பெருமாள் இங்கே வந்து சிவனைப் பூஜித்தாராம். சைவமா வைஷ்ணவமா என்ற வழக்கை இந்த ஊர்க்காரர்கள் எப்பொழுதோ ராஜியாக்கி விட்டார்கள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் தாமர்க் கோட்டம் ஒன்று. அந்தப் பெயரும் இந்த ஊரை ஒட்டியதுதான்.

அப்படிப்பட்ட ஊருக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் சம்பந்தம். ஜப்பான் அரசாங்கம் 2007-ல் 'ஜெனிஸிஸ்' என்ற இளைஞர் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 2014-ல் விஞ்ஞானத்துக்கென்று 'சகுரா' திட்டம் வந்தது; 2016 முதல் இந்தியப் பிள்ளைகளும் அதில் போய் வருகிறார்கள். பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகள் மட்டும் அல்ல, அரசாங்கப் பள்ளியில் படிக்கிறவர்களும் உண்டு. ஒரு வாரம், கூட்டமாக, ஆசிரியர்களின் துணையோடு.

ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு வந்தது. அந்த அம்மாளின் கணவர் பட்டுத் தறி நெய்கிறவர். மகள் பத்தாவது படிக்கிறாள், விஞ்ஞானத்தில் சூட்டிகை.

"ஏம்மா, பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்பறது?" என்றார்.

அவருடைய கவலை சாமானியமானதல்ல. காஞ்சிப் பட்டின் அழகே கோர்வையில்தானே இருக்கிறது? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் ஆகிற காரியம் அல்ல. தறியின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையின் கையாகவே இருந்தது. அந்த அம்மாளும் சிறுவயதில் அப்படி உட்கார்ந்தவர்தான். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மகளைத் தறிப் பக்கமே விடவில்லை. அதற்காக விமானம் ஏற்றவும் மனம் துணியவில்லை.

நான் அவருக்குத் தோமியோகா கதையைச் சொன்னேன். 1872-ல் ஜப்பானியர்கள் குன்மா மாகாணத்தில் பிரெஞ்சு நிபுணர்களை வைத்துப் பட்டு நூற்பு ஆலை ஒன்று கட்டினார்கள். யந்திரம் வந்தது, கட்டடம் எழும்பியது. வேலைக்கு மட்டும் ஒரு பெண் வரக் காணோம்! வெள்ளைக்காரர்கள் ரத்தம் குடிக்கிறார்கள் என்று வதந்தி. பாவம், அவர்கள் குடித்தது திராட்சை மது. தலைமை அதிகாரி ஒடாகா அட்சுதாதா கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? பதின்மூன்று பதினான்கு வயதான தம் மகள் யூவையே முதல் தொழிலாளியாகக் கொண்டு வந்து சேர்த்தார். அப்புறம்தான் மற்றப் பெற்றோர்களுக்குத் தைரியம் வந்தது. வேலை கற்றுக்கொண்ட பெண்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பி, அங்கேயுள்ள ஆலைகளில் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். 1987-ல் மூடப்பட்ட அந்த ஆலை, 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

"பட்டு நூலா!" என்று அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை ஜப்பான் அவருக்கு வெறும் கார் விற்கிற தேசம்.

அதே குன்மாவில் தகாசாகி என்ற ஊர், 'தருமா' பொம்மைக்குப் பேர் போனது. கை கால் இல்லாத, சிவப்பான, உருண்டைப் பொம்மை. ஏதாவது வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை எழுதுவார்கள். பலித்தால்தான் மறு கண். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் மேஜையில் ஒற்றைக் கண்ணோடு விழித்துக்கொண்டிருக்கும்! தருமா என்பது போதிதர்மர்தான். அவர் காஞ்சியிலிருந்து போன ராஜகுமாரர் என்பது நம் பக்கத்து மரபு. தாமல் பெண்ணுக்கு அந்தப் பொம்மை பக்கத்து ஊர்க்காரர் அல்லவா?

குழந்தைகளுக்குள் உறவாடுவதும் இன்று நேற்று வந்ததல்ல. யுத்த காலத்தில் டோக்கியோவின் உயேனோ மிருகக் காட்சிசாலையில் யானைகளைப் பட்டினி போட்டே கொன்றுவிட்டார்கள். யுத்தம் முடிந்ததும் அந்த ஊர்க் குழந்தைகள் ஒரு யானை கேட்டு நேருஜிக்குக் கடிதம் எழுதினார்கள். 1949-ல் அவர் அனுப்பி வைத்த யானைக்குத் தம் மகளின் பெயரையே வைத்தார்: இந்திரா. மைசூர்ப் பக்கத்து யானையாதலால் அதற்குக் கன்னடம்தான் புரியும். ஜப்பானியக் காவலர்கள் கூட வந்த பாகர்களிடம் உத்தரவுச் சொற்களைப் பாடம் கேட்க வேண்டியதாயிற்று!

சரி, போகிற பிள்ளைகள் அங்கே என்ன பார்ப்பார்கள்? 1964 முதல் ஓடுகிற ஷிங்கான்சென் ரயில், ஆராய்ச்சிக்கூடம், யந்திர மனிதன் எல்லாம் பத்திரிகையில் படித்ததுதான். எனக்கு என்னவோ பள்ளிக்கூடம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் மாணவர்களே துடைப்பத்தை எடுத்துப் பெருக்குகிறார்கள். ஆரம்பப் பள்ளிகளில் மத்தியான்னம் வெள்ளை மேலங்கி கட்டிக்கொண்டு முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். பையன்களும்தான்! நம் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு வந்தால் மாமியார் மருமகள் சண்டையில் பாதி குறையும்.

சாப்பாடுதான் கொஞ்சம் சங்கடம். சாதம் உண்டு, குழைந்து ஒட்டும். சைவக்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பார்க்கக் காய்கறி ரசம் மாதிரி இருக்கும், கொதிக்க வைத்த நீரில் உலர்ந்த மீன் இறங்கியிருக்கும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் போவது நல்லது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம். ஆனால் அங்கே உள்ளே போட ஒரு செருப்பு, கழிப்பறைக்குத் தனியாக இன்னொன்று. அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். குளிக்கும்போது உடம்பை வெளியிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் வீட்டார் அனைவருக்கும் பொது.

எல்லாவற்றையும் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மகள் கதவோரம் நின்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுப் பொறுத்து அந்த அம்மாள் உள்ளே திரும்பி, "உன் பிறப்புச் சான்றிதழ் எங்கே வெச்சோம், அப்பா பெட்டியிலா?" என்று கேட்டார்.