கோப்பையும் தராசும்

‘ஒரு கோப்பை வெண்ணெய்’ என்று சமையல் குறிப்பு சொல்கிறது. கடையில் வாங்கிய வெண்ணெய்க் கட்டியின் உறையிலோ ‘250 கிராம்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தீபாவளிக்கு அணிச்சலும் பிஸ்கட்டும் செய்யத் தொடங்குபவர்களுள் பலர் முதலில் தடுமாறும் இடம் இதுவே.

கோப்பை காட்டுவது கொள்ளளவு. அதாவது, ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். தராசு காட்டுவது எடை. ஒரே கோப்பையில் எல்லாப் பொருள்களும் ஒரே எடையில் இருப்பதில்லை. அமெரிக்கக் கோப்பை ஒன்றில் கோதுமை மாவு ஏறத்தாழ 125 கிராமும் சீனி 200 கிராமும் வெண்ணெய் 227 கிராமும் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம். வெண்ணெயில் கொழுப்பு மிகுதி; கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஆகவே, ஒரு மில்லிலிட்டர் வெண்ணெயின் எடை ஏறக்குறைய 0.96 கிராம்தான். வெண்ணெய் தண்ணீரில் மிதப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த எண் நினைவில் இருந்தால் கணக்கு எளிது. மில்லிலிட்டரை 0.96ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும்; கிராமை 0.96ஆல் வகுத்தால் மில்லிலிட்டர் கிடைக்கும். 15 மில்லிலிட்டர் பிடிக்கும் மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 14 கிராம் வெண்ணெய் இருக்கும்.

ஆனால், கோப்பை என்பதும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கோப்பை 237 மில்லிலிட்டர் பிடிக்கும். மெட்ரிக் கோப்பை 250 மில்லிலிட்டர் பிடிக்கும். மெட்ரிக் கோப்பையில் வெண்ணெய் ஏறத்தாழ 240 கிராம் இருக்கும். அமெரிக்கக் கோப்பையைவிட 13 கிராம் கூடுதல். கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ‘ஒரு ஸ்டிக்’ என்பது அரைக் கோப்பை, அதாவது 113 கிராம். ஆஸ்திரேலிய மேசைக்கரண்டியோ 20 மில்லிலிட்டர். ஆகவே, குறிப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெண்ணெய் மிகுந்தால் பிஸ்கட் சூட்டில் பரவித் தட்டையாகிவிடும். குறைந்தால் மாவு ஒன்றுசேராமல் உதிரும்.

தராசு இல்லாத வீட்டிலும் வழி உண்டு. அரைக் கோப்பை வெண்ணெய் வேண்டுமானால், அளவுக் கோப்பையில் பாதிவரை குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். பிறகு, வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு, மிதக்காதபடி கரண்டியால் நீருக்குள் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீர்மட்டம் ஒரு கோப்பைக் கோட்டைத் தொட்டால், உள்ளே இருப்பது அரைக் கோப்பை வெண்ணெய். நீரை வடித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

தமிழர் சமையலிலும் கொள்ளளவே நெடுங்காலம் பழகி வந்தது. ஆழாக்கு, உழக்கு, படி எனத் தானியத்தை அளந்தார்கள். மலேசிய வீடுகளில் காலியான பால் டின்னே அரிசிக்கும் மாவுக்கும் அளவாயிற்று. முறுக்கு மாவு பிசையும் பாட்டியைக் கேட்டால், “எலுமிச்சம்பழ அளவு வெண்ணெய் போடு, அம்மா” என்பார். எந்த எலுமிச்சை? சந்தையில் கிடைக்கும் லீமாவ் கஸ்தூரி மிகச் சிறியது. மற்ற வகைகள் அதைவிடப் பெரியவை. பாட்டிக்கு அந்த ஐயம் எழுவதில்லை. அவருடைய கைக்கு அளவு தெரியும். கேட்பவரின் கைக்குத்தான் தெரியாது.

கைப்பக்குவம் எழுத்தில் இல்லாதது. பாட்டியின் காலத்திற்குப் பிறகு, அதே முறுக்கைச் செய்ய விரும்புபவர்களுக்கு ‘எலுமிச்சம்பழ அளவு’ என்ற சொல் மட்டுமே மிஞ்சும். பாட்டி உருட்டி வைத்த வெண்ணெயை, மாவில் சேர்க்கும் முன் ஒரு முறை தராசில் வைத்துப் பார்த்தால் போதும். அது 30 கிராமா, 40 கிராமா என்பதைக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒற்றை எண், ஒரு குடும்பத்தின் சுவையை அடுத்த தலைமுறையின் கையில் சேர்த்துவிடும்.