ஆளுக்கு முன்னால் ஓசை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் படப்பிடிப்பு என்றால் ஒலிப்பதிவாளனுக்குப் பாதி வேலை காத்திருப்பதுதான். தலைக்கு மேல் மோனோரெயில், எதிரே பூமாலைக் கடையின் பாட்டு. “டப்பிங்ல பாத்துக்கலாம்ணே” என்பார் இயக்குநர். வசனத்துக்கு அது சரி. குற்றப்படத்தில் வசனம் எனக்கு இரண்டாம் பட்சம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 1931இல் ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த ‘எம்’. அவருடைய முதல் பேசும்படம். புதுக் கருவி கைக்கு வந்தால் யாரும் ஓயாமல் ஒலிக்கவிடுவார்கள். லாங் பல இடங்களில் சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டார். பின்னணி இசையும் கிடையாது. பள்ளி விட்டு வராத சிறுமி எல்ஸியைத் தாய் கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்கு ஆளில்லாத மாடிப்படி, பரண், தொடாத சாப்பாட்டுத் தட்டு. பிறகு உருண்டு வரும் பந்து, கம்பியில் மாட்டிய பலூன். அலறல் ஒன்றுகூட இல்லை.

கொலைகாரன் இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டு ஒன்றைச் சீட்டியடிப்பான். நடித்த பீட்டர் லோருக்குச் சீட்டியடிக்க வராது, லாங்கே அடித்தார். போலீஸ் நகரத்தையே சல்லடை போட்டும் சிக்காதவனைப் பார்வையற்ற பலூன் வியாபாரி அந்தச் சீட்டியால் கண்டுபிடித்துவிடுகிறார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். நான் வாய் திறக்குமுன்பே என் சாவிக்கொத்துச் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இங்கே உண்டு.

நம்மிடமும் துணிந்தவர்கள் இருந்தார்கள். 1954இல் ஏவிஎம் தயாரிக்க, எஸ். பாலச்சந்தர் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார். அவரே பெரிய வீணைக் கலைஞர் என்பதுதான் வேடிக்கை!

கிள்ளானில் எடுத்த ஒரு குறும்படத்தில் வட்டிக்காரன், அதாவது ஆலோங், அடுக்குமாடிக்கு வசூலுக்கு வருகிறான். எடிட்டர் அங்கே முரசு போட்டிருந்தார். எடுக்கச் சொன்னேன். கீழே ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது, இஞ்சின் அணையவில்லை. மேலே சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். கடன்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வேறு இசை எதற்கு? தயாரிப்பாளருக்குத்தான் காலியாகத் தெரிந்தது, “பிஜிஎம் மறந்துட்டீங்களா?” என்றார்.

அந்த இஞ்சின் சத்தத்தை மூன்று இடத்துக்கு மேல் வைக்க நான் விடவில்லை. நான்காவது முறை வந்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். இரண்டாம் முறை சற்றுத் தள்ளி, தெருமுனையிலிருந்து. மூன்றாம் முறை வீட்டு வாசலிலேயே. வண்டியை மட்டும் கடைசிவரை காட்டவில்லை.