வரவேற்பின் எல்லை

ஆங்கிலத்தில் ‘ஓவர்ஸ்டே’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘ஓவர்’ என்பது கடத்தலையும், ‘ஸ்டே’ என்பது தங்குதலையும் குறிக்கும். எனவே, உரிய காலங் கடந்து தங்குதல் என்பது அச்சொல்லின் பொருளாயிற்று. அயல்நாடு சென்ற ஒருவர், அந்நாட்டரசு இசைந்த நாளுக்கு மேலும் அங்கே தங்குவாராயின், அச்செயலை இச்சொல்லாலேயே சுட்டுவர். அங்கே எல்லை எழுத்தில் இருக்கும்; எவரும் படித்தறியலாம்.

இச்சொல் விருந்தோம்பலில் வழங்கும் முறையோ மிக நுட்பமானது. விருந்தினர் நெடுநாள் தங்கிவிட்டால், ‘அவர் தம் வரவேற்பைக் கடந்து தங்கினார்’ என்பது ஆங்கில வழக்கு. கடக்கப்பட்டது வீடுமன்று, நாளுமன்று, வரவேற்பே. விருந்தளிப்போர் உள்ளத்தில் மகிழ்ச்சி நிலவும் வரையில்தான் வரவேற்பும் நிலவும். அது மறைந்தபின் ஒருபொழுது தங்கினும் மிகையே என்பது இவ்வழக்கின் கருத்து.

இதற்கு இலக்கிய உலகிலேயே ஒரு சான்று உண்டு. டென்மார்க்கு நாட்டுக் கதையாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸிடம் பேரன்பு பூண்டவர். 1857ஆம் ஆண்டு கோடையில், கென்ட் மாவட்டத்திலிருந்த டிக்கன்ஸின் இல்லத்திற்கு அவர் விருந்தினராகச் சென்றார். மிகுந்தால் இரு வாரம் தங்குவதென்பது ஏற்பாடு. தங்கியதோ ஐந்து வாரம். ஆண்டர்சனுக்கு ஆங்கிலப் பேச்சு நன்கு வாராது. டிக்கன்ஸுக்கோ அந்நாளில் நாடகப் பணி மிகுதியாக இருந்தது. வீட்டார் சலிப்புற்றனர், விருந்தினர் அதனை உணர்ந்திலர். அவர் விடைபெற்றுச் சென்றபின், அவ்வறைக் கண்ணாடியில் டிக்கன்ஸ் ஒரு சீட்டு எழுதி வைத்தார். ஆண்டர்சன் ஐந்து வாரம் துயின்ற அறை அது என்றும், வீட்டாருக்கு அக்காலம் ஊழிபோல் தோன்றியது என்றும் அதில் கண்டிருந்தது. சின்னாளில் டிக்கன்ஸிடமிருந்து மடல் வருவதும் நின்றது. அதன் காரணம் ஆண்டர்சனுக்கு விளங்கவேயில்லை.

அவரிடம் அன்பு குறைந்ததில்லை, குறிப்பறிதலே குறைந்தது. அக்குறையால் அரியதொரு நட்பு அழிந்தது.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. மூன்று என்னும் எண் கண்டிப்பான கணக்கன்று. அளவறிந்து விடைபெறுக என்னும் அறிவுரையே அது. சட்டத்தின் எல்லையைக் கண்ணாற் படிக்கலாம். அன்பின் எல்லையை எவரும் எழுதிக் காட்டார். அதனை முகக்குறிப்பாற் படித்தறிதல் வேண்டும். ‘இன்னும் ஒருநாள் இருந்து செல்லலாகாதா?’ என்று வீட்டார் மனமார வேண்டும்போதே புறப்படுபவர்க்கு, அவ்வீட்டின் கதவு என்றும் திறந்தே இருக்கும்.