கடலுக்குக் கதவா?

வைக்கம் போராட்டத்துக்கு நூற்றாண்டு விழா எடுத்தாயிற்று, தம்பி. 2024 டிசம்பரிலே வைக்கத்துப் பெரியார் நினைவகம் புதுப்பொலிவோடு திறக்கப்பட்டது. தமிழகத்து முதல்வரும் கேரளத்து முதல்வரும் ஒரே மேடையிலே வீற்றிருந்தனர். ஏடுகள் எழுதின, நாமும் மகிழ்ந்தோம். விழா முடிந்த சில நாட்களுக்குப் பிறகு நம் தோழர்களிலே ஒருவன் - படித்தவன், துடிப்பானவன் - என்னிடம் கேட்டான்: "தெருவிலே நடப்பதற்கும் ஒரு போராட்டமா என்று இன்றைக்கு நினைத்தால் வேடிக்கையாக இல்லையா, அண்ணே? அந்தச் சண்டைதான் முடிந்துவிட்டதே!"

முடிந்துவிட்டதா?

வைக்கத்திலே நடந்தது கோயில் நுழைவுப் போராட்டம் என்று இன்னமும் பலர் மேடையிலே பேசுகிறார்கள். அன்று! கோயிலுக்குள்ளே போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களிலே போவதற்காக நடந்த கிளர்ச்சி அது. தெரு அரசாங்கத்தின் தெரு. ஊரார் வரிப்பணத்திலே செப்பனிடப்பட்ட தெரு. ஆடு போகலாம், மாடு போகலாம். ஈழவரும் புலையரும் போகக்கூடாது. 1924 மார்ச் 30 அன்று கிளர்ச்சி தொடங்கிற்று. தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறைக்குப் போனார்கள். ஏப்ரலிலே பெரியார் போய்ச் சேர்ந்தார், இருமுறை சிறைப்பட்டார், நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். 1925 பிப்ரவரியிலே திருவிதாங்கூர்ச் சட்டசபையிலே தெருக்களைத் திறந்துவிடும் தீர்மானம் வந்தபோது ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு கை, ஓராயிரம் கால்களை நிறுத்திவைத்தது! அந்த ஆண்டு நவம்பரிலே கிளர்ச்சி நிறுத்தப்பட்டபோது மூன்று தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. 1936இலே கோயிலே திறக்கப்பட்ட பிறகுதான் அந்தத் தெருவுக்கும் விடிவு வந்தது.

அந்த நான்காம் தெருவை நினைவிலே வைத்துக்கொள், தம்பி. மூன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வது ஆதிக்கக்காரர்களின் பழைய வழக்கம். கேட்டால், "மூன்றுதான் இருக்கிறதே, அதிலே நடவேன்" என்பார்கள்.

நம் பக்கத்திலே, அதே 1924இலே, நீதிக்கட்சி ஆண்டுகொண்டிருந்த நாளிலே, சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை. பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதையும் அணுகத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசாங்க ஆணையாகவும் வெளிவந்தது. ஆணை வெளிவந்து 95 ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டிலே, வாணியம்பாடிக்கு அருகே என்ன நடந்தது? சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியாரின் நிலத்தின் ஊடாகப் போகிறது என்று மறுக்கப்பட, ஒடுக்கப்பட்ட மக்கள் தம் உறவினர் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயிரோடிருந்தபோது நடக்க ஒரு பாதை, இறந்தபின் சுமக்கப்பட ஒரு பாதை, இரண்டுக்கும் இன்னொருவன் தயவு வேண்டியிருக்கிறது. முடிந்துவிட்டது என்றானே தோழன், அவனுக்கு இதைத்தான் முதலிலே சொன்னேன்.

பிறகு எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன்.

சோழமண்டலக் கரையிலே சிற்றூர் எங்களுடையது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே தாழையும் சவுக்கும். அவற்றின் நடுவே மாட்டு வண்டி போகுமளவுக்கு ஒரு மணற்பாதை. விடியலிலே குப்பத்துப் பெண்கள் கூடை சுமந்து அதன் வழியாகத்தான் சந்தைக்கு வருவார்கள். மாலையிலே பிள்ளைகள் ஓடுவார்கள், கிழவர்கள் காற்று வாங்கப் போவார்கள். அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கச் சிலர் போவார்கள். அவர்கள் இறைக்கும் எள்ளிலே எனக்கு நம்பிக்கை கிடையாது. அவர்கள் நடக்கும் உரிமையிலே நிரம்ப நம்பிக்கை உண்டு.

அந்தப் பாதையின் இரு மருங்கும் இருந்த தோப்பை விடுதிக்காரர் ஒருவர் வாங்கினார். வாங்கியது தோப்பை, வளைத்தது பாதையையும் சேர்த்து. எடுத்த எடுப்பிலே மதில் எழுப்பினாரா என்றால், இல்லை. அத்தனை அவசரக்காரர் அல்லர் அவர். முதலிலே ஒரு சங்கிலி, இரவிலே மட்டும். "திருட்டுப் பயம்" என்றார், ஊர் தலையாட்டிற்று. அடுத்து ஒரு பலகை: வாகனங்கள் உள்ளே வரலாகாது. வண்டி வைத்திராதவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதற்கடுத்து இரும்புக் கதவு. கதவுக்குச் சீருடையிலே ஒரு காவலர். அவரும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான், வயிற்றுக்காக நிற்பவர்.

"யாரைப் பார்க்க வேண்டும்?" என்று என்னைக் கேட்டார்.

"கடலைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"அறை எடுத்திருக்கிறீர்களா?"

கடலைக் காண அறை எடுத்திருக்க வேண்டும்! அன்று பூணூல் பார்த்தார்கள். இன்று அறைச்சாவி பார்க்கிறார்கள். அன்று சொன்ன காரணம் தீட்டு. இன்று சொல்வது பாதுகாப்பு, தூய்மை, விருந்தினர் அமைதி. கூடை சுமக்கும் பெண்ணிடமிருந்து மீன் வாடை வருகிறதாம், வெளிநாட்டார் முகம் சுளிக்கிறார்களாம். அதே விடுதியின் உணவுக்கூடத்திலே, அதே பெண் கொண்டுவந்த வஞ்சிரத்துக்குத் தட்டொன்றுக்குக் கூசாமல் விலை போடுகிறார்கள். வாடை மீனிலே இல்லை போலும், தலையிலே சுமப்பவளிடம்தான் இருக்கிறது போலும்!

தெற்கே இன்னொரு சந்து உண்டு. "அதன் வழியாகப் போங்களேன்" என்றார்கள் சில நல்லவர்கள். சில நாட்களிலே அந்தச் சந்தின் வாயிலிலே ஒரு கல் தோன்றிற்று. கல்லுக்கு மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, உண்டியல் வந்தது, தகரக் கூரை வந்தது. கூரைக்குப் பணம் யார் கொடுத்தார் என்பது ஊரறிந்த இரகசியம். கதவை எதிர்த்து நாலு பேர் பேசுவார்கள். கல்லை எதிர்க்க யார் வருவார் என்பது கணக்கு. பொதுத் தெருவிலும் பூங்காவிலும் கோயில், மசூதி, மாதாகோயில் எதன் பெயராலும் அனுமதியற்ற கட்டடம் எழ விடலாகாது என்று 2009 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அந்த ஆணையின் படியை நாங்கள் கையிலே வைத்துக்கொண்டுதான் பேசினோம். கூரை அகன்றது, கல் மட்டும் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது.

கதவுக்கு எதிராக நாங்கள் முதலிலே முழக்கமிடவில்லை, தம்பி. ஏட்டைத் தேடினோம். இதை நீ கவனமாகக் கேட்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலே 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ஊரின் ஒவ்வொரு புல எண்ணும் பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் எதற்கானது என்று அதிலே எழுதியிருக்கும். இப்போது கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. எங்கள் பாதையின் எண்ணுக்கு நேரே "வண்டிப்பாதை" என்று தெளிவாக இருந்தது. அதன் பிறகு கிராம வரைபடம், புலப்படம். அவற்றிலே பாதையின் நீளமும் அகலமும் அளவோடு கிடைத்தன. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சான்றிட்ட படி வாங்கினோம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியரகத்திலே நடக்கும் குறைதீர் நாளிலே மனுக் கொடுத்தோம் - ஒருமுறையல்ல, ஒன்பது முறை. குப்பத்துப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். பத்தாம் மாதம் நில அளவையர் சங்கிலியோடு வந்தார். விடுதியின் புல்தரையைக் கொத்திப் பார்த்தபோது எல்லைக் கல் அடியிலே அப்படியே இருந்தது. கல்லுக்குச் சக்தி உண்டு என்று வாழ்நாளிலே முதன்முறையாக ஒப்புக்கொண்டேன்!

கதவு இப்போது பகலிலே திறந்திருக்கிறது. இரவுக்கு வழக்கு நடக்கிறது. எங்கள் நான்காம் தெரு அது.

இது ஏதோ நம் நாட்டுக்கே உரிய நோய் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவிலே மிசிசிப்பி மாநிலத்திலே பிலாக்சி என்று ஒரு கடற்கரை நகரம். அந்த வட்டாரத்திலே 26 மைல் நீளத்துக்கு மணற்கரை. அந்த மணலும் இயற்கை கொட்டியதன்று. 1947 புயலுக்குப் பிறகு மைய அரசின் பணமும் சேர்ந்து கொட்டியது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று ஒப்பந்தமே உண்டு. ஆயினும் கருப்பின மக்கள் கால் வைக்கக்கூடாது. 1959 மே 14 அன்று கில்பர்ட் மேசன் என்னும் கருப்பின மருத்துவர், நண்பர்களோடும் குழந்தைகளோடும் குளிக்கப் போனார்; காவலர் விரட்டினார். கேட்டதற்கு, கரை எதிரிலுள்ள வீட்டுக்காரர்களுக்குச் சொந்தம் என்றார்கள். பார்த்தாயா, அங்கும் "வீட்டுக்காரர்கள்"! 1960 ஏப்ரல் 24 அன்று 125 பேர் வரையில் கடலிலே இறங்கினார்கள். வெள்ளையர் கும்பல் குழாயும் சங்கிலியும் கொண்டு தாக்கிற்று. காவல்துறை கைகட்டி நின்றது. 1963 ஜூனிலே மீண்டும் இறங்கினார்கள்; அதற்குச் சில நாட்கள் முன்னர்க் கொலையுண்ட மெட்கர் எவர்சின் நினைவாக மணலிலே கருப்புக் கொடிகளை நட்டார்கள். 1968இலே நீதிமன்றம் கரை பொதுமக்களுடையதே என்றது. குளிக்கப் போன மருத்துவருக்குக் கரை கிடைக்க ஒன்பது ஆண்டுகள்!

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லார்க்கும் பொது என்று ஆறாம் நூற்றாண்டிலேயே ரோமப் பேரரசன் ஜஸ்டினியனின் சட்டநூல் சொல்லிவிட்டது. அந்தக் கருத்தையே எடுத்து, இவற்றுக்கு அரசு அறங்காவலன் மட்டுமே, உடைமையாளன் அல்லன் என்று 1996 டிசம்பரிலே நம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பியாஸ் ஆற்றை ஒரு விடுதிக்காக வளைத்த வழக்கிலே. 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலே, பொதுமக்கள் கரைக்குச் செல்வதற்காக இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றே எழுதப்பட்டது. எழுதிய 20 மீட்டர் எங்கே போயிற்று என்று சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலே போகிறபோது நீயே தேடிப் பார். மதில், மதில், மாளிகை, மறுபடி மதில். கடலின் ஓசை மட்டும் வெளியே வருகிறது, அதைத் தடுக்க இன்னும் வழி தெரியவில்லை.

ஆனால், தெரு திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும்போது, யாருக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நம் வாதத்தையே எடுத்து நம்மவரை அடிப்பார்கள். சென்னையிலே கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரையிலே கரையை ஒட்டி ஓர் இணைப்புச் சாலை. நொச்சிக்குப்பத்து மக்கள் வலை உலர்த்திய இடம், படகு நிறுத்திய இடம், மீன் விற்ற இடம். முதலிலே அங்கே சாலை வந்தது. பிறகு சாலைக்கு இடைஞ்சல் என்று மீன்காரப் பெண் சுட்டப்பட்டாள். 2023 ஏப்ரலிலே போக்குவரத்துக்குத் தடை என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டிலே அங்கே புதிய மீன் அங்காடி திறந்தார்கள். நல்லதே. ஆயினும் வந்தவர் வழிக்காக இருந்தவர் ஒதுங்கினார் என்ற கணக்கு அதனால் மாறிவிடவில்லை. கார் வைத்திருப்பவன் விரைந்து போவது பொதுநலன், கடலை நம்பியவள் கரையிலே உட்காருவது ஆக்கிரமிப்பு என்று எந்த அகராதியிலே எழுதியிருக்கிறது? 1985இலே மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களை அகற்றப் போய்த் துப்பாக்கிச் சூட்டிலே மீனவர் உயிர்கள் பறிபோயின. கட்டுமரம் அழகில்லையாம்!

அந்த மெரினா நமக்கு வெறும் மணல் அல்ல, தம்பி. 1938 செப்டம்பர் 11 அன்று, திருச்சியிலிருந்து கால்நடையாகவே வந்த தமிழர் பெரும்படையை வரவேற்ற கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலேதான் நடந்தது. 'தமிழ்நாடு தமிழருக்கே' என்ற முழக்கம் எழுந்தது அங்கேதான். 2017 சனவரியிலே இளைஞர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்ததும் அங்கேதான். அதற்குப் பிறகு அங்கே போராட்டக் கூட்டத்துக்கு இடம் மறுக்கப்பட்டது. 2018இலே உயர் நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றது. காற்று வாங்கலாம், சுண்டல் வாங்கலாம், கருத்து மட்டும் வழங்கலாகாது. இதையும் அடைபட்ட தெருக்களின் பட்டியலிலே சேர்த்துக்கொள்.

அங்கேயே மனம் நிறைந்த காட்சி ஒன்றும் உண்டு. 2022 நவம்பரிலே மெரினாவிலே மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்திலே மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலி மணலிலே புதையாமல் அலையருகே போகலாம். வாழ்நாள் முழுவதும் இந்த நகரிலேயே இருந்து, தொலைவிலிருந்து மட்டுமே கடலைக் கண்டவர்கள் அன்று கிட்டத்திலே கண்டார்கள். இரண்டு வாரத்துக்குள்ளே மாண்டஸ் புயல் வந்து பலகைகளைப் பெயர்த்தது. பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள். அதன் அளவுகளை எழுதி, எங்கள் வண்டிப்பாதையின் புலப்படத்தையும் இணைத்து, எங்கள் ஊராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். குப்பத்திலே கால் வழங்காத முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். முதல் கையெழுத்து அவர்களுடையது. வருகிற கிராமசபைக் கூட்டத்திலே கொடுக்கிறோம். அந்தத் தோழனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.