உப்பு மேடும் வலது கண்ணும்

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறினால் வெள்ளைக் குவியல் கண்ணைப் பறிக்கும். பார்வை மங்கியபோது அந்தக் கூச்சம்தான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இருபது வருடச் சர்க்கரை. வருடம் ஒருமுறை மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்வார்கள். நான் கண்ணாடிக் கடையில் நம்பர் பார்த்ததோடு சரி. வலித்திருந்தால் ஓடியிருப்பேன்.

ஒருநாள் காலை வலது கண்ணுக்குள் மசி கொட்டியதுபோல் கருந்திட்டுகள் மிதந்தன. புதுச்சேரியில் சோதித்தார்கள். புதிதாய் முளைத்த இரத்தக்குழாய் உடைந்து கசிந்திருக்கிறது. வடு விழித்திரையை இழுத்துப் பிரித்திருக்கிறது. விட்ரெக்டமி செய்ய வேண்டும் என்றார்கள். 1970-ல் மியாமியில் ராபர்ட் மாக்கெமர் தொடங்கிவைத்த முறை. வெள்ளை விழியில் மூன்று சிறு துளை போட்டு, இரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சி, வடுவை உரித்து, லேசர் வைத்து, சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். சில மாதம் கழித்து எண்ணெயை எடுக்க இன்னொரு ஆபரேஷன்.

"பழைய பார்வை வரும்னு நினைக்காதீங்க ஐயா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான்" என்று முன்பே சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

விழித்திரை ஒட்டிக்கொண்டது. நடுப்பகுதி ஏற்கெனவே பட்டுப்போயிருந்ததால் எழுத்து தெரியவில்லை. இடது கண்ணுக்கு நேரத்தோடு லேசர் வைத்ததால் இதை எழுதுகிறேன்.

இப்போதும் அளத்துப் பக்கம் போவேன். இடது கண்ணை மூடிப் பார்த்தால் உப்பு மேடு தெரிகிறது. அருகே பலகையோடு நிற்கும் ஆள் தெரிவதில்லை. குரல் கொடுத்தால்தான் தெரியும்: "சார், வரப்பு வழுக்கும், பாத்து வாங்க."